மீண்டு வந்தார்க்கு அடையாத வாயில்

சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் நெடுவழியில், பரந்த சமவெளியின் நடுவே தனித்தெழுந்து நிற்பது சங்ககிரிக் குன்று. அக்குன்றின் மீதுள்ள கோட்டையை வரலாறு பயில்வோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளுக்காகவே நினைவில் வைத்திருப்பர். ஒன்று, 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்து இப்பகுதி ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்கு மாறியது. மற்றொன்று, 1805-ஆம் ஆண்டில் தீரன் சின்னமலை இக்கோட்டையில் தூக்கிலிடப்பட்டது. ஆக, சங்ககிரி என்றவுடன் நம் நெஞ்சில் எழுபவை போரும் தண்டனையுமே ஆகும்.

ஆயினும் இக்கோட்டையின் உச்சியில் நின்று தெற்கே நோக்குபவர் கண்ணுக்கு மற்றொரு மலை தென்படும். ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருச்செங்கோட்டு மலை அது. திருஞானசம்பந்தர் பாடிய கொடிமாடச் செங்குன்றூர் என்பதும் அதுவே. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய செங்கோடும் அதுவே. அரசர்கள் தந்த தண்டனையின் நினைவைச் சுமந்து நிற்கிறது ஒரு மலை. தவறிழைத்தோரையும் இறைவன் ஏற்றுக்கொள்வான் என்ற நம்பிக்கையின் நினைவைச் சுமந்து நிற்கிறது மற்றொரு மலை. சங்ககிரிக் கோட்டைமீது ஏறும்போதெல்லாம் இவ்விரு மலைகளையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். தண்டனையின் வரலாற்றை நூல்கள் விரிவாக எழுதி வைத்திருக்கின்றன. மன்னிப்புக்கும் ஒரு வரலாறு உண்டா? உண்டு என்பதே என் கருத்து. அதனை இங்கே ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். இன்று நாம் 'மன்னிப்பு' என்று வழங்கும் கருத்தை நம் பழைய பக்தி நூல்கள் 'பிழை பொறுத்தல்' என்ற தொடரால் குறித்தன. பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்பதும் பொருள். பிழை செய்தவன் தன் பிழையின் பாரத்தைத் தாங்கமாட்டாது தள்ளாடுகிறான். மற்றொருவர் வந்து அப்பாரத்தைத் தாம் ஏற்கிறார். இதுவே அச்சொல்லின் உள்ளீடு. திருவள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதன் முதற் குறளிலேயே நிலத்தைச் சான்று காட்டினார். ஆகவே, பிழையைப் பொறுப்பது என்பது பிழையைக் காணாதது போல் இருப்பதன்று, கண்டும் சுமப்பதாகும்.

வேறு நாட்டுச் சமயங்களிலும் ஓர் ஒற்றுமையைக் காண்கின்றோம். அரபு மொழியில் பாவத்துக்கு வருந்துதலைத் 'தவ்பா' என்பர். எபிரேய மொழியில் 'தெசுவா' என்பர். இவ்விரு சொற்களுக்கும் அடிப்படைப் பொருள் 'திரும்பி வருதல்' என்பதே. வழி தவறியவன் அழுதால் மட்டும் போதாது. நடந்த வழியே திரும்பவும் வேண்டும் என்ற கருத்து அச்சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. சங்ககிரிக் குன்றின்மேல் வரதராசப் பெருமாள் கோயிலும் உண்டு. முஸ்லிம் பெரியார் ஒருவரின் நினைவிடமும் உண்டு. அவ்விரண்டு இடங்களுக்கும் படியேறிச் செல்வோர் வெவ்வேறு மொழியில் வேண்டினாலும், திரும்பி வருவோர்க்கு இடமுண்டு என்ற ஒரே நம்பிக்கையுடன்தான் ஏறுகின்றனர்.

தமிழ் நாட்டில் அவ்வாறு திரும்பி வந்தவர்களுள் தலைசிறந்தவர் யார் என்று வினவினால், திருநாவுக்கரசர் என்று தயங்காமல் விடை கூறலாம். அவர் கி. பி. ஏழாம் நூற்றாண்டினர். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். அவருக்கு மூத்தவர் திலகவதியார். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு அவ்வம்மையாரை மணம் பேசியிருந்தனர். திருமணம் நிறைவேறுமுன் பெற்றோர் இருவரும் மறைந்தனர். கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். உயிர் விடத் துணிந்த திலகவதியார், தம் காலில் விழுந்து அழுத இளைய தம்பியைக் கண்டு, அவன் பொருட்டு உயிர் தாங்கினார் என்று சேக்கிழார் கூறுகிறார்.

இளமையிலேயே இத்தனை சாவுகளைக் கண்ட உள்ளம் எவ்வாறிருக்கும்? மருணீக்கியார் தம் செல்வத்தைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். ஆயினும் உலகின் நிலையாமை அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. நிலையான நெறி எது என்று தேடிச் சமண சமயத்தைச் சார்ந்தார். பாடலிபுரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் அந்நாளில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. அது சிறிய இடமன்று. 'லோகவிபாகம்' என்ற வானியல், உலகியல் நூல் கி. பி. 458-ஆம் ஆண்டில் அங்கேதான் முற்றுப்பெற்றது என்று அந்நூலே தெரிவிக்கிறது. இத்தகைய கல்விக்கூடத்தில் மருணீக்கியார் பயின்று, தருமசேனர் என்ற பெயருடன் தலைமை நிலைக்கு உயர்ந்தார்.

மாணவ நண்பர்கள் இங்கே ஒரு செய்தியைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அவர் கெட்ட வழியில் சென்றார் என்று எண்ணிவிடலாகாது. சமணம் தமிழுக்குச் செய்த தொண்டு மிகப் பெரிது. நமது கொங்கு நாட்டையே பாருங்கள். விசயமங்கலத்தில் இன்றும் சமணக் கோயில் உண்டு; பெருங்கதை பாடிய கொங்குவேளிர் அவ்வூரினர் என்பது மரபு. நாம் பள்ளியில் பயிலும் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரும் சமணரே. ஆகவே, ஓர் உயர்ந்த நெறியை விட்டு மற்றோர் உயர்ந்த நெறிக்கு அவர் வந்தார் என்பதே வரலாற்று நோக்கு. 'வழி தவறினேன்' என்பது அவர் தம்மைக் குறித்துத் தாமே கூறிக்கொண்ட சொல். அச்சொல்லை வைத்து ஒரு சமயத்தை நாம் அளத்தல் தகாது.

எனினும் இரு நெறிகளுக்கும் இடையே ஆழ்ந்ததொரு வேறுபாடு உண்டு. சமணக் கொள்கையில் உலகைப் படைத்துக் காக்கும் கடவுள் இல்லை. செய்த வினை தன் பயனைத் தந்தே தீரும். கடுந்தவத்தால் அதனைத் தேய்க்கலாமேயன்றி, 'பொறுத்தருள்க' என்று வேண்ட ஒருவர் இல்லை. மனிதர் ஒருவரை ஒருவர் பொறுத்தல் சமணத்தில் உயர்ந்த அறம். ஆண்டுதோறும் ஒரு நாளில் எல்லோரிடமும் பிழை பொறுக்க வேண்டும் வழக்கம் அவர்களிடம் இன்றும் உண்டு. ஆனால் வினையை மாற்றும் அருளாளன் என்ற கருத்து அங்கே இல்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வீரம் அந்நெறியின் பெருமை. அவ்வீரம் தளரும் வேளையில் ஒரு கையைப் பற்றிக்கொள்ள விழைவது பக்தி நெறியின் இயல்பு.

தருமசேனருக்கு அத்தகைய வேளை சூலை நோயின் வடிவில் வந்தது. பள்ளியில் இருந்தோர் தாம் அறிந்த மருத்துவமெல்லாம் செய்தும் வலி தணியவில்லை. அவர் தம் சமையற்காரரைத் தமக்கையாரிடம் அனுப்பினார். திலகவதியாரோ அப்பொழுது திருவதிகை வீரட்டானத்தில் நாள்தோறும் கோயிலைப் பெருக்கி, மெழுகி, பூமாலை தொடுத்துத் தொண்டு செய்துகொண்டிருந்தார். அவர் சமணப் பள்ளிக்கு வர இசையவில்லை. வருவதானால் தம்பியே வருதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இதில் கடுமை உண்டு. ஆனால் அக்கடுமைக்குள் ஓர் அழைப்பும் உண்டு. தாம் சென்று அழைத்து வராமல், வந்தால் ஏற்பதற்குக் காத்திருந்தார்.

தருமசேனர் பாயுடையையும், குண்டிகையையும், மயிற்பீலியையும் விட்டு, யாரும் அறியாதபடி இரவில் புறப்பட்டார். பாதிரிப்புலியூரிலிருந்து திருவதிகை இருபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. வயிற்று வலியோடும் நாணத்தோடும் அவ்வழியை அவர் கடந்தார். தமக்கையின் காலில் விழுந்தார். சேக்கிழார் காட்டும் அக்காட்சியில் நான் வியப்பது ஒன்றே. திலகவதியார் 'ஏன் சென்றாய்?' என்று வினவவில்லை. 'அன்றே சொன்னேனே' என்று இடித்துரைக்கவும் இல்லை. இறைவன் அருளை வியந்து வணங்கி, ஐந்தெழுத்தை ஓதித் திருநீற்றை அளித்தார். வைகறையில் திருவலகும் மெழுகும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டபோது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே அவர் பாடிய முதற் பதிகத்தால் நோய் தீர்ந்தது என்பர். நாவுக்கரசு என்ற பெயரும் அன்றே அவருக்கு வாய்த்தது.

இவ்வளவும் பெரிய புராணம் கூறும் வரலாறு. சேக்கிழார் வாழ்ந்ததோ பன்னிரண்டாம் நூற்றாண்டு. இரண்டாம் குலோத்துங்க சோழன் காலம். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். ஆதலால், இதனை எவ்வளவு தூரம் வரலாறாகக் கொள்வது என்று நீங்கள் வினவலாம். அவ்வாறு வினவுதலே வரலாற்று மாணவர்க்கு அழகு. நல்வினையாக, நாவுக்கரசரின் சொந்தப் பாடல்களே நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாக நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றில் அவர் தம் சமண வாழ்வைப் பலமுறை எண்ணி வருந்துகிறார். தலைமயிர் பறித்தது, நின்றபடி உண்டது முதலிய நடைமுறைகளை உள்ளிருந்து அறிந்தவர் போலவே பேசுகிறார். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டதையும் தாமே பாடுகிறார். எனவே, அவர் சமணத்தில் இருந்ததும் மீண்டதும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகள். நீற்றறை, நஞ்சு, யானை முதலியவற்றின் விரிவுகளைச் சைவ மரபு சொல்லும் வரலாறாகவே நாம் படித்தல் வேண்டும். அவற்றைக் கூறும் நூல் மீண்டவர் பக்கத்து நூல் என்பதை மறத்தலாகாது.

நாவுக்கரசரைப் பின்பற்றி அரசனும் சமணத்தை விட்டுச் சைவம் சார்ந்தான் என்பது மரபு. சேக்கிழார் அவன் பெயரைச் சொல்லவில்லை. பல்லவன் என்றே குறித்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலை அவன் எடுத்ததாகக் கூறுகிறார். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களுள் ஒன்று. இங்கே ஒரு கல் பேசுகிறது. திருச்சிராப்பள்ளி மலையின் மேல்குடைவரையில் அம்மன்னனின் வடமொழிக் கல்வெட்டு உள்ளது. குணபரன் என்ற அரசன் மாற்று நெறியிலிருந்து இலிங்கத்தால் திரும்பிய அறிவு உலகில் பரவுக என்ற கருத்துடைய சுலோகம் அதில் உண்டு. அரசன் சமயம் மாறியதற்கு இதுவே சான்று என்பர் அறிஞர் பலர். ஆனால், அச்சுலோகத்தின் சொற்கள் தருக்க நூற் கலைச்சொற்களாகவும் அமைந்து சிலேடையாக நிற்கின்றன. எனவே அதனை முடிந்த சான்றாகக் கொள்ளத் தயங்குவோரும் உளர். பிரமன், சிவன், திருமால் மூவர்க்கும் மண்டகப்பட்டில் ஒரே குடைவரை அமைத்தவனும், பல சமயத்தாரையும் எள்ளி நகையாடும் 'மத்தவிலாசம்' என்ற நாடகம் எழுதியவனும் அவனே. அத்தகைய மன்னனின் உள்ளத்தைக் கல்லிலிருந்து முழுதும் படித்துவிட முடியாது. நாவுக்கரசரின் உள்ளத்தையோ அவர் பாட்டிலிருந்து படிக்க முடிகிறது.

உலக வரலாற்றில் இதற்கு ஒப்பானதொரு நிகழ்ச்சி உண்டு. வட ஆப்பிரிக்காவில் கி. பி. 354-ஆம் ஆண்டில் அகுஸ்தீன் என்பவர் பிறந்தார். தாய் மோனிக்கா கிறிஸ்தவர். மகனோ கல்வியில் சிறந்து, மனிக்கேயம் என்ற சமயத்தை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சார்ந்திருந்தார். தாய் அழுதும் வேண்டியும் காத்திருந்தார். 386-இல் மிலான் நகரில் அவர் மனம் திரும்பியது. மறு ஆண்டு ஆயர் அம்புரோசு அவருக்குத் திருமுழுக்களித்தார். பின்னர் அவர் எழுதிய தன்வரலாற்று நூல் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. இருவரும் அறிவால் தேடிச் சென்றவர்கள். இருவர்க்கும் குடும்பத்தில் ஒரு பெண்மணி காத்திருந்தார். இருவரும் திரும்பியபின் தம் பழைய நாட்களை மறைக்காமல் உலகறியச் சொன்னார்கள். நாடும் மொழியும் வேறாயினும் மனித உள்ளம் நடக்கும் வழி ஒன்றாகவே இருக்கிறது.

அருணகிரிநாதர் வரலாற்றுக்கு வருவோம். அவர் பதினைந்தாம் நூற்றாண்டினர். விசயநகரப் பேரரசன் பிரபுட தேவராயனைத் தம் பாடலில் குறிப்பிடுகிறார். இளமையில் சிற்றின்பத்தில் மூழ்கிப் பொருளும் உடலும் அழிந்து, திருவண்ணாமலைக் கோபுரத்தின் மீதிருந்து வீழ்ந்தபோது முருகன் தாங்கி ஆட்கொண்டான் என்பது வழிவழி வரும் கதை. அவருக்கும் ஒரு தமக்கையார் இருந்ததாகக் கதை கூறுகிறது. எனினும் இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். திருப்புகழில் வரும் தன்னிழிவுரைகள் அனைத்தும் கவிஞரின் சொந்த வாழ்வே என்று கொள்ளுதல் பொருந்துமா? உலகத்தாரின் குற்றங்களைத் தம்மேல் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்காகத் தாம் அழுவது ஞானியர் மரபு. நாவுக்கரசர் பாடல்களில் இடமும் வழக்கமும் குறிப்பாக வருகின்றன. அருணகிரியார் பாடல்களிலோ எவரும் தம்முடையது என்று சொல்லத்தக்க பொதுக் குற்றங்களே வருகின்றன. ஆதலால், முன்னதை வரலாறாகவும் பின்னதை வழிபாடாகவும் கொள்வதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது. செங்கோட்டு மலைப்படிகளில் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறும் உழவரும் நெசவாளரும் அருணகிரியின் குற்றத்தைப் பாடவில்லை; தத்தம் குற்றத்தையே பாடுகின்றனர்.

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலைக்கு வருகின்றேன். இறைவன் மன்னிப்பான் என்று நம்புவது எளிது. மனிதர் மன்னிப்பரா என்பதே திரும்பி வருவோர் நெஞ்சில் எழும் அச்சம். கி. பி. 250-ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் தேசியசு, எல்லோரும் அரசு வழிபடும் தெய்வங்களுக்குப் பலியிடவேண்டும் என்று ஆணையிட்டான். அஞ்சிய கிறிஸ்தவர் பலர் அவ்வாறே செய்துவிட்டுப் பின்னர்த் திரும்பி வந்தனர். அவர்களைச் சேர்ப்பதா, விலக்குவதா என்று பெரும்பூசல் எழுந்தது. நொவாசியன் என்பவர் சேர்க்கலாகாது என்றார். கார்த்தேசு நகர ஆயர் சிப்பிரியன் முதலியோர், உரிய நோன்பிற்குப் பின் சேர்க்கலாம் என்று முடிவு செய்தனர். கடவுள் கதவைத் திறந்து வைத்திருந்தாலும், வாயிற்படியில் நிற்போர் மனிதர்களே என்பதை அப்பூசல் காட்டுகிறது.

நாவுக்கரசரைத் தமிழ்ச் சைவ உலகம் எவ்வாறு ஏற்றது? பல ஆண்டுகள் மாற்று நெறிக்குத் தலைமை தாங்கியவர் என்று ஒருவரும் அவரை ஒதுக்கவில்லை. வயதில் மிக இளையவரான சம்பந்தர் அவரை 'அப்பரே' என்று அழைத்தார். அந்த அழைப்பே அவருக்குப் பெயராக நிலைத்தது. சென்றவரைத் 'தந்தையே' என்று அழைத்து வரவேற்ற ஒரு சொல், ஆயிரம் தீர்ப்புகளினும் பெரிது. அவரும் மன்னிப்பைப் பெற்றுவிட்டோம் என்று வாளா இருந்துவிடவில்லை. உழவாரப் படையைக் கையில் ஏந்தி, கோயில்தோறும் புல்லும் முள்ளும் செதுக்கினார். கொங்கு நாட்டுப் பாண்டிக்கொடுமுடி வரையில் அவர் பாட்டு எட்டியிருக்கிறது. தமக்கையின் கையில் இருந்த துடைப்பமும் தம்பியின் கையில் இருந்த உழவாரமும் ஒரே தொண்டின் இரு கருவிகள் ஆயின.

இளைஞர்கள் வாழ்வில் நம்பிக்கை தளரும் காலம் வரும், அறிவு ஐயுறும், கால் வேறு வழியில் செல்லும். அது கடவுள் நம்பிக்கையாக இருக்கலாம். பெற்றோரிடத்தோ, கல்வியிடத்தோ, தம்மிடத்தோ கொண்ட நம்பிக்கையாகவும் இருக்கலாம். வெகுதூரம் வந்துவிட்டோம், இனித் திரும்புதல் இயலாது என்று எண்ணுவதே அப்போது நேரும் பேரிடர். ஒரு சமயத்தின் தலைமைப் பீடம் வரை சென்ற ஒருவர், ஓர் இரவில் இருபது கிலோமீட்டர் நடந்து திரும்பினார் என்பதை நினைவிற் கொள்க. திரும்பும் நிலையில் நீங்கள் இல்லையாயின், திலகவதியார் நின்ற இடத்தில் நிற்கும் வாய்ப்பாவது ஒரு நாள் வரும். அன்று கேள்வி கேளாமல் கதவைத் திறக்கும் பெருமை உங்களுடையதாகுக.

சோழ நாட்டுத் திங்களூரில் அப்பூதியடிகள் என்ற அந்தணர் வாழ்ந்தார். நாவுக்கரசரை அவர் கண்டதில்லை. கேள்விப்பட்ட அளவில் அன்பு பூண்டார். தம் மக்களுக்கும், தாம் அமைத்த அறங்களுக்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். ஒரு நாள் அவ்வழியே வந்த நாவுக்கரசர், வெயிலில் வந்தோர் நீர் அருந்தும் தண்ணீர்ப் பந்தலில் தம் பெயர் பொறித்திருப்பதைக் கண்டு திகைத்தார். இளமையில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தும் அமைதி காணாமல் வீட்டை விட்டுச் சென்றவர் அவர். பல ஆண்டுகளுக்குப் பின், முன்பின் அறியாத ஓர் ஊரில், அவர் பெயரால் பிறர் தாகம் தணிந்துகொண்டிருந்தது.